1.96 எங்க இருந்து வருது? கான்ஃபிடன்ஸ் இன்டர்வலுக்கு கிரிட்டிகல் வேல்யூ எடுக்கற வழி

ஞாயித்துக்கிழமை காலைல அல்சூர்ல எங்க வீட்டு மொட்டை மாடில நாலஞ்சு பசங்க வந்து உக்காருவாங்க. கிருஷ்ணகிரி, தர்மபுரி, வேலூர்ப் பக்கம் இருந்து பெங்களூர் வந்து, பிஜில தங்கிட்டு, டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ போயிட்டு இருக்கற பசங்க. நான் காசு வாங்கி டியூஷன் எடுக்கற ஆள் இல்ல, பதினஞ்சு வருஷமா இந்த ஊர்ல நம்பர் பாக்கற வேலைல இருக்கேன், தெரிஞ்சதை சொல்லிக் குடுக்கறேன், அவ்வளவுதான். போன மாசம் அதுல ஒரு தம்பி கேட்டான், "அக்கா, எல்லாரும் 1.96, 1.96ங்கறாங்க, அது எங்க இருந்து வருது, எப்ப போடணும், எப்ப போடக்கூடாதுன்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க"ன்னு. அவன் கேட்டது ரொம்ப சரியான கேள்வி. அன்னிக்கு மாடில சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்காதவங்களுக்கும் புரியணும்னு நினைச்சு.

முதல்ல கான்ஃபிடன்ஸ் இன்டர்வல்னா என்னன்னு ஒரு வரி. ஸ்கூல் புக்ல நம்பிக்கை இடைவெளின்னு வந்திருக்கும். நம்மகிட்ட இருக்கறது கொஞ்சூண்டு சாம்பிள், தெரிய வேண்டியதோ மொத்தத்தோட சராசரி. சாம்பிள் சராசரி அப்படியே மொத்தத்தோட சராசரியா இருக்காது, கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும், அதனால ஒரே நம்பரா சொல்லாம "இதுல இருந்து இது வரைக்கும்"னு ஒரு ரேஞ்ச் சொல்றோம். அந்த ரேஞ்ச் எப்பவும் ஒரே அச்சுலதான் வரும்:

சராசரி ± (கிரிட்டிகல் வேல்யூ × ஸ்டாண்டர்ட் எரர்)

ஸ்டாண்டர்ட் டீவியேஷன், அதாவது திட்ட விலக்கம், நம்பர்கள் சராசரில இருந்து எவ்வளவு சிதறியிருக்குங்கற அளவு. அதை சாம்பிள் எண்ணிக்கையோட வர்க்கமூலத்தால வகுத்தா வர்றது ஸ்டாண்டர்ட் எரர். சராசரியும் ஸ்டாண்டர்ட் எரரும் டேட்டால இருந்து வந்துடும். நாம வெளில இருந்து கொண்டு வந்து போட வேண்டியது அந்த கிரிட்டிகல் வேல்யூ ஒண்ணுதான். எத்தனை ஸ்டாண்டர்ட் எரர் தூரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனா நாம கேட்ட அளவு உறுதி கிடைக்கும்ங்கறதுதான் அது. புக் பின்னாடி இருக்கற டேபிள்ல பாத்துதான் அதை எடுப்போம்.

படம் போடாம டேபிளைத் திறக்காதீங்க

இது ஒண்ணை மட்டும் நீங்க பழக்கப்படுத்திக்கிட்டா மத்ததெல்லாம் தானா வரும். ஒரு பேப்பர்ல ஒரு மேடு வரைங்க, நடுவுல உசந்து ரெண்டு பக்கமும் சரிஞ்சு வால் மாதிரி நீளற மேடு. அழகா இருக்கணும்னு இல்ல. இதுக்குப் பேர் நார்மல் மேடு, சாம்பிள் சராசரி எங்கெங்க விழ எவ்வளவு வாய்ப்புன்னு காட்டறது. அந்த மேட்டுக்குள்ள இருக்கற மொத்தப் பரப்பு 1, அதாவது 100%. இப்ப 95% இன்டர்வல் வேணும்னா, நடுவுல 95% பரப்பை பென்சிலால தீட்டுங்க. மிச்சம் எவ்வளவு? 5%. இதுக்குப் பேர்தான் ஆல்ஃபா, 0.05. இந்த மிச்சம் ஒரே பக்கம் உக்காரல, இடது வால்ல பாதி, வலது வால்ல பாதி. ஆக ஒரு வாலுக்கு 2.5%, அதாவது 0.025.

இப்ப வலது பக்கம் தீட்டினது முடியற இடத்துல ஒரு கோடு போடுங்க. அந்தக் கோட்டுக்கு இடது பக்கம் மொத்தம் எவ்வளவு பரப்பு இருக்கு? நடுவுல 95%, இடது வால்ல 2.5%, ஆக 97.5%. டேபிள்ல தேட வேண்டியது இந்த 0.975-ஐத்தான், 0.95-ஐ இல்ல. நான் பாத்த தப்புகள்ல பாதிக்கு மேல இங்கதான் நடக்குது. 95%ன்னு கேட்டதும் நேரா டேபிள்ல 0.95-ஐத் தேடிடறாங்க, 1.645 கிடைக்குது, அதைப் போட்டுட்டு 95% இன்டர்வல்னு எழுதிடறாங்க. ஆனா 1.645 குடுக்கறது 90% இன்டர்வல், ஏன்னா ஒவ்வொரு வால்லயும் 5% விட்டிருக்கு, ரெண்டும் சேந்தா 10% போச்சு. படம் போட்டிருந்தா இது கண்ணுலயே பட்டிருக்கும், அதனாலதான் இத்தனை தரம் சொல்றேன்.

இசட் டேபிள் ரெண்டு வகை

சரி, 0.975-ஐத் தேடணும்னு முடிவாச்சு, டேபிளைத் திறக்கறோம். இசட்ங்கறது நடுவுல இருந்து எத்தனை ஸ்டாண்டர்ட் எரர் தூரம்ங்கற நம்பர், அதுக்கு எவ்வளவு பரப்புன்னு சொல்றது இசட் டேபிள். இங்க இன்னொரு குழி இருக்கு. இசட் டேபிள்ல ரெண்டு விதம் புழக்கத்துல இருக்கு. ஒண்ணு, இடது கோடில இருந்து கூட்டிக்கிட்டே வர்றது. இன்னொண்ணு, நடுவுல இருந்து, அதாவது 0-ல இருந்து இசட் வரைக்கும் மட்டும் பரப்பு குடுக்கறது, நம்ம ஊர் காலேஜ் புக்ஸ்ல பின்னாடி ஒட்டியிருக்கறது பெரும்பாலும் இந்த வகை. உங்க கைல இருக்கறது எதுன்னு கண்டுபிடிக்க சுலபமான வழி, இசட் 0.00-க்கு நேரா என்ன போட்டிருக்குன்னு பாருங்க. 0.5000ன்னு இருந்தா இடது கோடில இருந்து கூட்டற டேபிள், 0.0000ன்னு இருந்தா நடுவுல இருந்து ஆரம்பிக்கற டேபிள்.

முதல் வகைல 0.9750-ஐ டேபிளோட உள்பக்கத்துல தேடுங்க, ஓரத்துல இல்ல. கிடைச்ச இடத்துல இருந்து இடது ஓரத்துக்குப் போனா 1.9, மேல தலைப்புக்குப் போனா 0.06. ரெண்டையும் கூட்டினா 1.96. அந்தத் தம்பி கேட்ட 1.96 இதுதான், வேற எங்க இருந்தும் வரல. ரெண்டாவது வகை டேபிள்ல 0.9750 இருக்கவே இருக்காது, அதுல அதிகபட்சமே 0.5தான், அங்க 0.4750-ஐத் தேடணும், ஏன்னா நடுவுல இருக்கற 95%-ல வலது பாதி மட்டும் 47.5%. விடை அதே 1.96.

90%-க்கு இதே மாதிரி 0.9500-ஐத் தேடுவீங்க, சரியா அந்த நம்பர் கிடைக்காது, 1.64-க்கு 0.9495, 1.65-க்கு 0.9505, ரெண்டுக்கும் நட்ட நடுவுல நிக்குது, அதனால 1.645. 99%-க்கு 0.9950, அது 2.57-க்கும் 2.58-க்கும் நடுவுல விழும், 2.576ன்னு எடுத்துக்கறது வழக்கம். இந்த மூணும், 1.645, 1.960, 2.576, நாளடைவுல மனப்பாடம் ஆயிடும், ஆகட்டும், ஆனா யாராவது திடீர்னு 92% கேட்டா நின்னுடக்கூடாது. படத்தை வரைங்க, மிச்சம் 8%, ஒரு வாலுக்கு 4%, இடது பக்கம் மொத்தம் 0.96, டேபிள்ல 1.75-க்கு 0.9599ன்னு இருக்கும். முடிஞ்சுது, 1.75.

இசட்டா, டியா

இதுதான் நிறைய பேர் தடுமாறற இடம், நானும் இங்க கொஞ்சம் நிதானமா போறேன். கேட்டுக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: ஸ்டாண்டர்ட் டீவியேஷன் எங்க இருந்து வந்துச்சு? மொத்தக் கூட்டத்தோட ஸ்டாண்டர்ட் டீவியேஷன் முன்னாடியே நிச்சயமா தெரியும்னா இசட். உங்க சாம்பிள்ல இருந்தே கணக்கு போட்டு எடுத்தீங்கன்னா டி, அதாவது டி டேபிள்னு இன்னொரு டேபிள்ல இருந்து எடுக்கற நம்பர். நிஜ வாழ்க்கைல முதல் வகை ரொம்ப அபூர்வம், சராசரியே தெரியாம சாம்பிள் எடுக்கறோம், அப்ப ஸ்டாண்டர்ட் டீவியேஷன் மட்டும் எப்படித் தெரியும்? ஆகவே சராசரிக்கு இன்டர்வல் போடறீங்கன்னா பெரும்பாலும் டி தான்.

ஏன் வேற நம்பர் வேணும்? சின்ன சாம்பிள்ல சராசரி மட்டும் ஆடறதில்ல, ஸ்டாண்டர்ட் டீவியேஷனும் சேந்து ஆடுது, சில சமயம் உண்மையான அளவை விடக் கம்மியா வந்துடும், அப்ப இன்டர்வல் தேவையில்லாம குறுகிடும். அந்த ஆட்டத்துக்கும் சேத்து இடம் விடணும். இதைக் கண்டுபிடிச்சது காசெட்னு ஒருத்தர், டப்ளின்ல கின்னஸ் பீர் கம்பெனில வேலை பாத்தவர், பார்லி மாதிரி விஷயங்கள்ல அவருக்குக் கிடைச்சதெல்லாம் சின்னச் சின்ன சாம்பிள்தான், அதுக்கு வழக்கமான நார்மல் கணக்கு சரியா வரலன்னு பாத்து 1908-ல ஒரு கட்டுரை போட்டார். கம்பெனி ஆளுங்க சொந்தப் பேர்ல வெளியிடக்கூடாதுன்னு இருந்ததால ஸ்டூடன்ட்ங்கற புனைபேர்ல வந்துச்சு, அதனாலதான் இன்னிக்கும் ஸ்டூடன்ட் டின்னு சொல்றோம். சின்ன சாம்பிளோட மல்லாடற யாரும் இந்த மனுஷனுக்கு நன்றி சொல்லணும்னு எனக்குத் தோணும்.

டி-க்கு ஒரே மேடு கிடையாது, சாம்பிள் எண்ணிக்கையைப் பொறுத்து மேடு மாறும், எண்ணிக்கை கம்மியா இருந்தா வால் தடிமனா இருக்கும், கூடக் கூட நார்மல் மேட்டோட போய் ஒட்டிக்கும். எந்த மேடுன்னு சொல்றதுக்குத்தான் டிகிரி ஆஃப் ஃப்ரீடம். ஒரு சராசரிக்கு அது சாம்பிள் எண்ணிக்கைல ஒண்ணு கம்மி. 10 பேர்னா 9. ஏன் ஒண்ணு கழியுதுன்னா, சராசரியை அந்த டேட்டால இருந்தே எடுத்துட்டோம், சராசரி தெரிஞ்ச பிறகு 9 நம்பர் சொன்னா பத்தாவது தானா முடிவாயிடும், அதுக்கு சுதந்திரம் இல்ல.

ஒரு உதாரணத்தைப் போட்டுப் பாத்துடலாம். மெஜஸ்டிக்ல இருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு பிஎம்டிசி பஸ்ல பத்து வேலை நாள் போன நேரம், நிமிஷத்துல, கணக்கு பழகறதுக்காக நானே எழுதிக்கிட்ட நம்பர்கள்: 72, 85, 64, 91, 78, 70, 88, 95, 67, 80. கூட்டினா 790, சராசரி 79. ஒவ்வொண்ணுலயும் 79 கழிச்சு வர்க்கப்படுத்திக் கூட்டினா 1018, அதை 9-ஆல வகுத்தா 113.1, வர்க்கமூலம் எடுத்தா ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 10.635. அதை 10-ஓட வர்க்கமூலம் 3.162-ஆல வகுத்தா ஸ்டாண்டர்ட் எரர் 3.363. இது வரைக்கும் டேட்டா வேலை.

இப்ப கிரிட்டிகல் வேல்யூ. டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 9. டி டேபிள்ல இடது ஓரத்துல 9-ஐப் பிடிங்க. மேல தலைப்புல பரப்பு போட்டிருக்கும், சில புக்ல ஒரு வால் கணக்கு, சில புக்ல ரெண்டு வால் கணக்கு, சிலதுல ரெண்டும் மேல கீழ போட்டிருக்கும். ஒரு வால்னா 0.025, ரெண்டு வால்னா 0.05, ரெண்டும் ஒரே பத்திதான். சந்தேகமா இருந்தா ஒரு வழி சொல்றேன், டேபிளோட கடைசி வரிக்குப் போங்க, முடிவிலின்னு அந்த சாய்ஞ்ச எட்டு போட்டிருக்கும், அந்த வரில 1.960 எந்தப் பத்தில இருக்கோ அதுதான் 95% இன்டர்வலுக்கான பத்தி. ஏன்னா சாம்பிள் முடிவில்லாம பெருசானா டி போய் இசட்டாவே ஆயிடும். தலைப்பு எந்த பாஷைல இருந்தாலும், எப்படிக் குழப்பினாலும் இந்த வழி ஏமாத்தாது, நான் இன்னிக்கும் இப்படித்தான் சரிபாக்கறேன்.

9-வது வரியும் அந்தப் பத்தியும் சந்திக்கற இடத்துல 2.262. அதை 3.363-ஆல பெருக்கினா 7.6. ஆக இன்டர்வல் 71.4-ல இருந்து 86.6 நிமிஷம். 99% வேணும்னா அதே வரில 3.250, இன்டர்வல் 68.1-ல இருந்து 89.9. 90%-க்கு 1.833, இன்டர்வல் 72.8-ல இருந்து 85.2. உறுதி கூடக் கூட ரேஞ்ச் அகலமாகுது பாருங்க. டேட்டா அதேதான், நாம எவ்வளவு உறுதி கேக்கறோமோ அதுக்கு ஏத்த மாதிரி அகலம் குடுக்கணும்.

இதே டேட்டாக்கு அவசரத்துல 1.96 போட்டிருந்தா 72.4-ல இருந்து 85.6ன்னு வந்திருக்கும். ஒரு நிமிஷம்தானே வித்தியாசம்னு தோணும். ஆனா 10 சாம்பிளுக்கு 1.96 போட்டா நீங்க 95%ன்னு சொல்லிக்கற இன்டர்வல் நிஜத்துல சுமார் 92%தான், 5 சாம்பிளுக்குப் போட்டா சுமார் 88%. நீங்க ஒரு உறுதி சொல்றீங்க, உள்ள இருக்கறது அதை விடக் கம்மி.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, வேலைக்குச் சேந்த புதுசுல பீன்யா பக்கம் ஒரு சின்ன கம்பெனில குவாலிட்டி செக்ஷன்ல இருந்தேன். ஒவ்வொரு லாட்லயும் 5 ஷாஃப்ட் எடுத்து விட்டத்தை அளந்து ஷீட்ல போடுவோம், அந்த ஷீட்ல எனக்கு முன்னாடி யாரோ 1.96ன்னு ஒரு செல்லுல அடிச்சு வெச்சிருந்தாங்க, யாரும் அதைத் தொட்டதில்ல, நானும் தொடல. ஒரு லாட்ல சராசரி 25.004 மில்லிமீட்டர், ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 0.006. ஷீட் கணக்குப்படி மேல் எல்லை 25.009, கஸ்டமர் சராசரிக்குக் குடுத்த எல்லை 25.010, சரின்னு அனுப்பிட்டோம். திரும்பி வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி உக்காந்து போட்டுப் பாத்தேன், 5 பீஸுக்கு டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 4, கிரிட்டிகல் வேல்யூ 2.776, அதைப் போட்டா மேல் எல்லை 25.011. அந்த இன்டர்வலை ஒழுங்கா போட்டிருந்தா "இன்னும் பீஸ் அளக்கணும்"னு சொல்லியிருப்போம். அந்த ஒரு செல் எத்தனை மாசமா எத்தனை லாட்ல தப்பு சொல்லிட்டு இருந்துச்சோன்னு நினைச்சா இப்பவும் மனசு கனக்குது. யாரோ அடிச்சு வெச்ச நம்பரை அப்படியே நம்பாதீங்க, அது எந்த சாம்பிள் எண்ணிக்கைக்கு அடிச்சதுன்னு முதல்ல கேளுங்க.

முப்பதுக்கு மேலன்னா இசட் போடலாமேன்னு ஒரு பேச்சு இருக்கு, காலேஜ்ல எல்லாரும் சொல்லிக் குடுத்திருப்பாங்க. அது கையால டேபிள் பாத்த காலத்து வசதி. 30 பேர்னா டிகிரி 29, டி 2.045, அதுக்கு பதிலா 1.96 போட்டா இன்டர்வல் சுமார் 4% குறுகலா வரும், பெரிய பாவம் இல்ல, ஆனா கம்ப்யூட்டர் கைல இருக்கறப்ப அந்த 4%-ஐயும் ஏன் விடணும்? ஸ்டாண்டர்ட் டீவியேஷன் சாம்பிள்ல இருந்து வந்ததா, டி போடுங்க, சாம்பிள் பெருசானா டியே 1.96 கிட்ட தானா வந்து நிக்கும், நாம முடிவு பண்ண வேண்டிய தலைவலி இல்ல. பரீட்சைல மட்டும் உங்க புக் என்ன விதி சொல்லுதோ அதைப் போடுங்க, மார்க் அங்கதான் இருக்கு.

டேபிள்ல உங்க டிகிரி இல்லன்னா? 48 பேர், டிகிரி 47, டேபிள்ல 40-க்கு அடுத்து 60தான் இருக்கும். கீழ இருக்கறதை, 40-ஐ எடுங்க, 2.021. உண்மையான மதிப்பு 2.012, நாம எடுத்தது கொஞ்சம் பெருசு, இன்டர்வல் ஒரு மயிரிழை அகலமா வரும், அது பாதுகாப்பான பக்கம்.

கம்ப்யூட்டர்ல எடுக்கறப்ப

எக்செல்லயும் கூகுள் ஷீட்ஸ்லயும் ஃபங்க்ஷன் பேர் ஒண்ணுதான், அடிக்கறப்ப ஆங்கில எழுத்துல அடிங்க, இங்க உச்சரிப்பை எழுதறேன். இசட்டுக்கு நார்ம்.எஸ்.இன்வ்(0.975), வர்றது 1.959964. டி-க்கு ரெண்டு இருக்கு, ஒண்ணு டி.இன்வ், இன்னொண்ணு டி.இன்வ்.2டி. கடைசில 2டி வர்றது ரெண்டு வாலையும் தானே பிரிச்சுக்கும், அதனால அதுக்கு ஆல்ஃபாவை முழுசா குடுக்கணும்: டி.இன்வ்.2டி(0.05, 9) போட்டா 2.262. வெறும் டி.இன்வ் இடது பக்கத்துல இருந்து பாக்கற ஆளு, அதுக்கு டி.இன்வ்(0.975, 9) குடுத்தா அதே 2.262. இதுலயே மறந்துபோய் 0.05 குடுத்தீங்கன்னா மைனஸ் 1.833 வரும். மைனஸ் வந்துச்சுன்னா ஃபங்க்ஷன் மாறிப் போச்சுன்னு அர்த்தம், மைனஸை மட்டும் அழிச்சுட்டு 1.833-ஐ எடுத்துட்டுப் போயிடாதீங்க, நிறைய பேர் அதைத்தான் பண்றாங்க, அது 90%-க்கான நம்பர்.

கான்ஃபிடன்ஸ்.டின்னு இன்னொரு ஃபங்க்ஷனும் இருக்கு, அதுல இருந்து வர்றது கிரிட்டிகல் வேல்யூ இல்ல, பெருக்கி முடிச்ச மார்ஜின், அதாவது ±-க்கு அப்புறம் வர்ற முழு நம்பர். கான்ஃபிடன்ஸ்.டி(0.05, 10.635, 10) போட்டா 7.6 வரும், நம்ம பஸ் கணக்குல வந்த அதே 7.6. இதுல கடைசியா கேக்கறது சாம்பிள் எண்ணிக்கை, டிகிரி இல்ல, 9ன்னு குடுத்துடாதீங்க.

ஆர்ங்கற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேர் தெரிஞ்சவங்களுக்கு க்யூநார்ம்(0.975), க்யூடி(0.975, 9). பைத்தான்னா சைபைல நார்ம்.பிபிஎஃப்(0.975), டி.பிபிஎஃப்(0.975, 9). எல்லாமே இடது பக்கத்துல இருந்து எண்றதுதான், படத்துல நீங்க கோடு போட்ட இடத்துக்கு இடது பக்கம் எவ்வளவுன்னு குடுத்தா போதும். எந்த சாஃப்ட்வேர்னாலும் முதல்ல நார்மலுக்கு 0.975 குடுத்துப் பாருங்க, 1.96 வந்தா நீங்க சரியான பக்கம் நிக்கறீங்க.

சதவீதம் வந்தா

நூத்துக்கு எத்தனை பேர்ங்கற மாதிரி கணக்குக்கு இசட்தான் போடுவாங்க, சாம்பிள் போதுமான அளவு பெருசா இருக்கணும், ஆமான்னவங்களும் இல்லன்னவங்களும் தலா பத்துக்குக் குறையாம இருக்கான்னு பாத்துக்கோங்க. 400 பேர்கிட்ட மெட்ரோல போறீங்களான்னு கேட்டு 240 பேர் ஆமான்னாங்கன்னு வெச்சுக்கலாம், 0.60. ஸ்டாண்டர்ட் எரர், 0.6-ஐ 0.4-ஆல பெருக்கி 400-ஆல வகுத்து வர்க்கமூலம், 0.0245. 1.96-ஆல பெருக்கினா 0.048. ஆக 55.2%-ல இருந்து 64.8%.

இதையே திருப்பிப் போட்டா எத்தனை பேர்கிட்ட கேக்கணும்னும் வந்துடும். 95% உறுதி, 5 சதவீதப் புள்ளிக்குள்ள மார்ஜின், விகிதம் எவ்வளவுன்னு முன்கூட்டித் தெரியலன்னா 0.5ன்னு வெச்சுக்கணும், அதுதான் மோசமான நிலைமை. 1.96-ஐ வர்க்கப்படுத்தி 0.25-ஆல பெருக்கி 0.0025-ஆல வகுத்தா 384.16, ஆள் கணக்கை எப்பவும் மேல தூக்கணும், 385. சர்வே பண்றவங்க அடிக்கடி 385 பேர்னு சொல்றது இங்க இருந்து வர்றதுதான்.

ஒரு பக்கம் மட்டும் வேணும்னா

சில நேரம் கேள்வியே ஒரு பக்கம்தான் இருக்கும். "சராசரியா அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஆகும்னு மட்டும் சொல்லு, கம்மியானா எனக்கென்ன"ன்னு மேனேஜர் கேட்டா 5%-ஐப் பாதியாக்கக் கூடாது, முழுசையும் ஒரே வால்ல விடணும். அப்ப 95%-க்குத் தேட வேண்டியது 0.95-ஐயே. பஸ் கணக்குல டிகிரி 9-க்கு 1.833, 79-ஓட 6.2 கூட்டினா 85.2 நிமிஷம், சராசரி இதுக்கு மேல போகாதுன்னு 95% உறுதியோட சொல்லலாம். கேள்வி ஒரு பக்கமா ரெண்டு பக்கமான்னு டேட்டா பாக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடணும், பாத்த பிறகு எது சௌகரியமோ அதை எடுக்கறது நியாயம் இல்ல.

மேடு சரிசமமா இல்லாதப்ப

சராசரி இல்லாம ஸ்டாண்டர்ட் டீவியேஷனுக்கே இன்டர்வல் வேணும்னா கை ஸ்கொயர்னு (chi-square) இன்னொரு மேட்டுக்குப் போகணும். அது ஒரு பக்கம் சாஞ்ச மேடு, மைனஸ் பக்கமே கிடையாது, அதனால ஒரே நம்பரை ± போட முடியாது, ரெண்டு கிரிட்டிகல் வேல்யூ வேணும். டிகிரி 9-க்கு, இடது பக்கம் 0.025 இருக்கற இடம் 2.700, 0.975 இருக்கற இடம் 19.023. பஸ் கணக்குல வர்க்கப்படுத்திக் கூட்டின 1018-ஐ 19.023-ஆல வகுத்தா 53.5, 2.700-ஆல வகுத்தா 377. பெரிய கிரிட்டிகல் வேல்யூ சின்ன எல்லையைக் குடுக்குது, தலைகீழா இருக்கறதால இங்க மாத்திப் போட்டுடுவாங்க, கவனமா இருங்க. வர்க்கமூலம் எடுத்தா ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 7.3-ல இருந்து 19.4 நிமிஷம் வரைக்கும். பத்து நாள் டேட்டா எவ்வளவு கம்மின்னு இந்த அகலத்துலயே தெரியுது இல்லையா.

இன்டர்வியூல கேட்டா

95% இன்டர்வல்னா என்ன அர்த்தம்னு நிச்சயம் கேப்பாங்க. "உண்மையான சராசரி இந்த 71.4-க்கும் 86.6-க்கும் நடுவுல இருக்க 95% சான்ஸ்"னு சொல்லிடாதீங்க. உண்மையான சராசரி ஒரே இடத்துல அசையாம இருக்கு, அசையறது நம்ம இன்டர்வல். இதே மாதிரி திரும்பத் திரும்ப பத்து நாள் சாம்பிள் எடுத்து ஒவ்வொரு தடவையும் இன்டர்வல் போட்டா, நூத்துல சுமார் 95 இன்டர்வல் அந்த உண்மையான சராசரியைப் பிடிச்சிருக்கும், அஞ்சு தவற விட்டிருக்கும். உறுதி அந்த முறைக்கு, கைல இருக்கற ஒரு இன்டர்வலுக்கு இல்ல. நெய்மன்ங்கற ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நிபுணர் 1930-கள்ல இந்த யோசனையைக் கொண்டு வந்தப்பவே அர்த்தம் இப்படித்தான்.

இன்னொண்ணும் சொல்லணும். கிரிட்டிகல் வேல்யூ எவ்வளவு சரியா எடுத்தாலும் சாம்பிள் சரியில்லன்னா ஒண்ணும் பண்ண முடியாது. பத்து நாளும் சனிக்கிழமையா போயிருந்தா, இல்ல சில்க் போர்டு ஜங்ஷன்ல கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி காலைல ஆறு மணி பஸ்லயே போயிருந்தா, 2.262 போட்டு எடுத்த இன்டர்வல் அந்த நேரத்துக்கு மட்டும்தான் பொருந்தும். அப்புறம் பயண நேரம் ஒரு பக்கம் நீளற சங்கதி, ஒரு நாள் மழை பேஞ்சா மூணு மணி நேரம் ஆயிடும், அந்த மாதிரி ஒரு நாள் பத்துல வந்து விழுந்தா டி கணக்கு தடுமாறும், டேட்டாவை முதல்ல ஒரு புள்ளி வரைபடமா போட்டுப் பாத்துட்டு அப்புறம் இன்டர்வலுக்கு வாங்க.

பழகறதுக்கு நாலு குடுக்கறேன், படம் போட்டு, டேபிள் பாத்து, பிறகு ஷீட்ல சரிபாருங்க. 12 பேர் சாம்பிள், 95%, டி: 2.201. அதே 12 பேர், 99%: 3.106. 25 பேர், 95%: 2.064. 98% இசட்: 2.326. நாலாவதுக்கு யாருக்காவது 2.05 வந்துச்சுன்னா வாலைப் பாதியாக்க மறந்துட்டீங்க, பேப்பரை எடுத்து மேட்டை மறுபடி வரைங்க.